ஒரே பணத்தை நான்கு முறை எண்ணுதல்

செய்தியாசிரியர் பீடத்தில் இருப்போர் சந்தைப்படுத்தல் அறிக்கை என்றதும் முகம் சுளிப்பது வழக்கம். எண்கள் அவர்களுடைய உலகம், எழுத்து நம்முடைய உலகம் என்ற பிரிவினையில் நானும் நெடுங்காலம் இருந்தவன்தான். அப்படி இருந்தது தவறு என்பதை ஓர் அறிக்கை எனக்குக் கற்பித்தது. அந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை என்னுடையதன்று என்பதே இன்றும் உறுத்துகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில், எந்தப் பக்கம் எவ்வளவு விளம்பர வருமானம் ஈட்டுகிறது என்று கணக்கிட்டு ஓர் அறிக்கை முன்வைக்கப்பட்டது. வண்ணப் படங்களுடன் அழகாகவே இருந்தது. வர்த்தகப் பக்கம் வானளாவி நின்றது. பிராந்தியப் பக்கங்கள் ஏறக்குறைய எதையும் ஈட்டவில்லை. இரண்டு பிராந்தியப் பக்கங்கள் ஒன்றாகச் சுருங்கின. பகுதிநேரச் செய்தியாளர் சிலருக்கான கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. கூட்டத்தில் இருந்த நான் இரண்டு வார்த்தை வருத்தம் தெரிவித்தேனே தவிர, எண்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஐந்து மாதங்களின் பின்னர், கணக்குப் பிரிவில் பணிபுரிந்த பெண்ணொருவர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் என் மேசைக்கு வந்தார். “ஐயா, இந்த வங்கி எங்களுக்குத் தந்தது 3 இலட்சந்தான். அறிக்கையில் 12 இலட்சம் நிற்கிறது” என்றார். அறிக்கை தயாரித்தவர்கள் எந்த எண்ணையும் கற்பனை செய்யவில்லை. மூலத்தில் இருந்த ஒவ்வோர் எண்ணும் சரியானதே. இரண்டு பட்டியல்களை இணைத்த இடத்திலேயே பிழை நேர்ந்திருந்தது.

விளம்பரப் பிரிவில் இரண்டு பட்டியல்கள் உள்ளன. ஒன்றில் ஒப்பந்தங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், விளம்பரதாரர் பெயர், உடன்பட்ட தொகை. மற்றதில் பிரசுரங்கள், எந்த நாளில், எந்தப் பக்கத்தில், எந்த ஒப்பந்தத்தின் கீழ் விளம்பரம் வெளியானது என்ற விவரம். முன்னதைத் தாய் என்றும் பின்னதைச் சேய் என்றும் கொள்வோம். ஒரு தாய்க்குப் பல சேய்கள் இருக்கலாம்.

வங்கி 3 இலட்சம் ரூபாவுக்கு ஒப்பந்தம் செய்து நான்கு நாட்கள் விளம்பரம் வெளியிட்டது என்க. தளபாட நிறுவனமொன்று 5 இலட்சத்துக்கு ஒரே நாளில் முழுப்பக்க விளம்பரம் தந்தது என்க. இரு பட்டியல்களையும் ஒப்பந்த இலக்கத்தைக் கொண்டு இணைத்தால் ஐந்து வரிகள் கிடைக்கும். வங்கியின் நான்கு வரிகளிலும் 3 இலட்சம் என்ற தொகை திரும்பத் திரும்ப வந்து நிற்கும். அந்தப் பத்தியைக் கூட்டினால் வங்கி 12 இலட்சம், தளபாட நிறுவனம் 5 இலட்சம், மொத்தம் 17 இலட்சம். உண்மையான வருமானம் 8 இலட்சமே. மொத்தம் ஊதியது மட்டுமன்று, வரிசையும் தலைகீழானது. கூடுதலாகத் தந்தவர் பின்னுக்குப் போக, பலமுறை அச்சேறியவர் முன்னுக்கு வந்துவிட்டார்.

நம் நாட்டில் இதை விளக்கக் கணினி தேவையில்லை. கிராம அலுவலரிடம் குடும்பப் பட்டியலும் உண்டு, அங்கத்தவர் பட்டியலும் உண்டு. குடும்பத்துக்கு ஒரு மூடை அரிசி என்பது நிவாரணம். அந்த மூடையை ஒவ்வோர் அங்கத்தவரின் பெயருக்கு எதிரிலும் எழுதிவிட்டுக் கூட்டினால், ஆறு பேர் கொண்ட வீட்டுக்கு ஆறு மூடை கொடுத்ததாகக் கணக்கு வரும். எந்தக் கிராம அலுவலரும் இப்படிக் கூட்டமாட்டார். ஆனால் ஆயிரக்கணக்கான வரிகள் திரையில் ஓடும்போது படித்தவர்களும் கூட்டிவிடுகிறார்கள்.

எங்கள் அறிக்கையில் இரண்டாவது பிழையும் இருந்தது. பிராந்தியப் பக்கங்களை வீழ்த்தியது அதுவே. தமிழ்ப் பத்திரிகைகளின் வருமானத்தில் மரண அறிவித்தல்களுக்கும் 31ஆம் நாள் நினைவஞ்சலிகளுக்கும் உள்ள இடத்தை வாசகர் அறிவர். இவற்றைத் தருபவர்கள் ஒப்பந்தம் செய்வதில்லை. கருமபீடத்துக்கு வந்து பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டுப் பெற்றுச் செல்பவர்கள். ஆகவே அவர்களின் பிரசுரங்களுக்கு ஒப்பந்த இலக்கம் இல்லை, அதாவது தாய் இல்லாத சேய்கள். இரு பட்டியலிலும் பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் வகையில் இணைத்தபோது அவை யாவும் ஓசையின்றி உதிர்ந்துபோயின. பிராந்தியப் பக்கங்களைத் தாங்கி நின்ற வருமானம் அதுதான்.

தரவுகளை மரம்போல மேலிருந்து கீழாக அடுக்கும் முறை புதிதன்று. அப்பல்லோ விண்வெளித் திட்டத்தின் பாகங்களைக் கணக்கில் வைப்பதற்கென 1960களில் ஐ.பி.எம். உருவாக்கிய தரவுத்தளம் அவ்வாறானதே. 1970இல் எட்கர் கொட் என்ற ஆய்வாளர், தரவுகளைத் தனித்தனி அட்டவணைகளாக வைத்து, பொதுவான இலக்கத்தால் இணைக்கும் முறையை முன்மொழிந்தார். இன்றைய தரவுத்தளங்களிற் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. மரத்தில் தாய் ஒரே முறைதான் எழுதப்படுகிறது. அட்டவணைகளை இணைத்துத் தட்டையாக்கும்போதோ ஒவ்வொரு சேய்க்கு அருகிலும் தாய் மீண்டும் எழுதப்படுகிறது. இது முறையின் குறையன்று, இயல்பு. அதை அறியாமல் கூட்டுவதே குறை.

இணைய விளம்பரத்திலும் இதே அமைப்புத்தான். கூகிள் விளம்பரங்களில் கணக்கு, பிரசாரம், விளம்பரக் குழு, விளம்பரம் என்று படிகள் இறங்குகின்றன. நாளாந்தப் பாதீடு பிரசாரத்தின் மட்டத்தில் இருக்கிறது. சொடுக்குகளோ கீழே ஒவ்வொரு விளம்பரத்துக்கும் பதிவாகின்றன. பாதீட்டைக் கீழ்மட்ட வரிகளுடன் இணைத்துக் கூட்டினால் வங்கியின் கதைதான்.

பெரிய நிறுவனங்கள் இப்படித் தவறமாட்டா என்று எண்ணவேண்டாம். 2016 நவம்பரில் முகநூல் நிறுவனம் ஒரு பிழையை ஒப்புக்கொண்டது. பக்கமொன்று 7 நாட்களிலும் 28 நாட்களிலும் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று காட்டும் தொகைகளை, அன்றாடத் தொகைகளை வெறுமனே கூட்டிக் காட்டியிருந்தது. ஏழு நாளும் வந்த ஒருவர் ஏழு பேராக எண்ணப்பட்டார். திருத்தியபோது 7 நாள் தொகை சராசரியாக 33 சதவீதமும் 28 நாள் தொகை 55 சதவீதமும் குறைந்தன. அன்றாட எண்கள் சரியாக இருந்தும் அவற்றின் கூட்டுத்தொகை பொய்யானது. பணத்தைக் கூட்டலாம், பிரதிகளைக் கூட்டலாம். ஆட்களை அப்படிக் கூட்ட இயலாது.

பரிகாரம் கடினமானதன்று. முதலில் சேய்களை ஒப்பந்தவாரியாகத் தொகுத்துக் கூட்டி, ஒரு தாய்க்கு ஒரு வரியாக்கிய பின்னரே இணைக்கவேண்டும். பக்கவாரியான வருமானம் வேண்டுமென்றால், ஒப்பந்தத் தொகையை அதன் பிரசுரங்களுக்கிடையே பங்கிட்டு எழுதவேண்டும். பிரசுரங்கள் ஒருபுறமும் கொடுப்பனவுகள் மறுபுறமுமாக ஒரே தாய்க்கு இருவகைச் சேய்கள் இருந்தால், அவற்றை ஒரே மூச்சில் இணைக்கவே கூடாது. நான்கு பிரசுரமும் மூன்று கொடுப்பனவும் பன்னிரண்டு வரிகளாகிவிடும். மீள வரும் தொகைகளை நீக்கிவிட்டாற் போதும் என்று சிலர் குறுக்குவழி சொல்வர். ஒரே விலைக்குப் போன இரண்டு மரண அறிவித்தல்களில் ஒன்றை அந்தக் குறுக்குவழி விழுங்கிவிடும்.

இவை கணினி அறிந்தோரின் வேலையல்லவா, பத்திரிகையாளனுக்கு ஏன் என்று கேட்கலாம். இணைக்கும் வேலை அவர்களுடையது என்பதை ஏற்கிறேன். ஆனால் கேள்வி கேட்கும் வேலை நம்முடையது. அமைச்சர் ஒருவர் ஒரு தொகையைச் சொன்னால் எங்கிருந்து வந்தது என்று துருவுகிறோம். நம் அலுவலகத்துக்குள் சொல்லப்படும் தொகையை மட்டும் ஏன் தலையாட்டி ஏற்கவேண்டும்? மூன்று கேள்விகள் போதும். இந்த அறிக்கையில் ஒரு வரி எதைக் குறிக்கிறது? இணைப்பதற்கு முன்னிருந்த மொத்தமும் பின்னிருக்கும் மொத்தமும் ஒன்றா? பொருந்தாமல் விடுபட்ட வரிகள் எத்தனை, அவை யாருடையவை? இவற்றுக்கு விடை தரமுடியாத அறிக்கையை வைத்து ஒருவரின் வேலையை நீக்குவது நியாயமன்று.

அந்தப் பெண் கண்டுபிடித்த பிழை திருத்தப்பட்டது. இரண்டாவது பிராந்தியப் பக்கம் மீண்டும் வந்தது. செய்தியாளர்களுக்கு அழைப்பு அனுப்பினோம். பெரும்பாலானோர் திரும்பினர். ஒருவர் மட்டும் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் ஊர்ச் செய்தியை எழுதிவந்தவர். தொலைபேசியில் அவர் கோபிக்கவில்லை. “நான் எழுதுவதால் வருமானம் இல்லையென்று நீங்கள்தானே தம்பி கணக்குக் காட்டினீர்கள்” என்று மட்டும் சொன்னார். கணக்குப் பிழை என்று விளக்க முற்பட்டேன். அந்தக் கூட்டத்தில் கேட்டிருக்கவேண்டிய கேள்வியை ஐந்து மாதங்கள் பிந்தி அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.