மேஸ்திரி சொன்னது

ஜோகுபாளையத்தில் எங்கள் தெரு குறுகலானது. காலையில் வாசற்படியில் உட்கார்ந்தால், கழுத்தில் அடையாள அட்டையும் முதுகில் பையுமாக இளைஞர்கள் அல்சூர் மெட்ரோ நிலையத்துக்கு ஓடுவதைப் பார்க்கலாம். அவர்களில் எதிர்வீட்டுப் பையனும் ஒருவன். சேலத்துக்காரர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டான்: "அங்கிள், வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னு 2023-ல நாராயணமூர்த்தி சொன்னார். 2025-ல எல் அண்டு டி தலைவர் அதை 90 ஆக்கிட்டார். ரயில்வேல நீங்க எத்தனை மணி நேரம் வேலை செஞ்சீங்க?"

கேலியாகத்தான் கேட்டான். ஆனாலும் என்னை யோசிக்க வைத்துவிட்டான்.

டிப்ளமோ முடித்து இருப்புப்பாதைப் பிரிவில் சேர்ந்தவன் நான். மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் விடிய விடிய நின்றிருக்கிறோம். கேங்மேன் ஒருவர்கூடக் கடிகாரம் பார்த்ததில்லை. அதே ஆட்கள் சாதாரண நாளில் நாலு மணிக்கே சம்மட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்ததும் உண்டு. சோம்பேறித்தனம் என்று அப்போது நினைத்தேன். (ஓய்வு வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 ஜூனில் தென்னக ரயில்வே எஞ்சின் ஓட்டுநர்கள் வார ஓய்வு கேட்டுப் போராடியது நியாயம் என்பதே என் கட்சி.)

ஒரு வளைவில் ஸ்லீப்பருக்கடியில் எப்போதும் சேறு. ஜல்லியை இறுக்கிப் பாதையை உயர்த்துவோம், பத்து நாளில் மறுபடி இறங்கிவிடும். "ஐயா, வாய்க்கால் அடைஞ்சு கிடக்கு. தண்ணி போக வழி பண்ணாம பேக்கிங் பண்ணிப் பிரயோஜனமில்லே" என்று கேங் மேஸ்திரி மூன்று முறை சொன்னார். அவர் என் அப்பா வயதுக்காரர், கைநாட்டு. நான் புதிதாகப் படித்து வந்தவன். "சொன்னதைச் செய்யுங்க மேஸ்திரி" என்றேன். செய்தார். மழைக்காலம் வந்ததும் அந்த இடத்தில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. மேலிடத்தில் எனக்கு நல்ல டோஸ் கிடைத்தது. பிறகு வாய்க்காலை வெட்டினோம். இரண்டு நாள் வேலை, தொல்லை தீர்ந்தது.

ஆனால் "நீங்க சொன்னதுதான் சரி" என்று அவரிடம் நான் சொல்லவில்லை. கௌரவம்! அதன்பின் அவர் என்னிடம் எதையும் சொல்வதில்லை. இட்ட வேலையை மட்டும் செய்தார். கேங்கில் மற்றவர்களும் அப்படியே ஆனார்கள்.

ரயில்வேயில் இதைவிட ஆபத்து வேறில்லை. குளிர்கால விடியலில் தண்டவாளம் சுருங்கி வெல்டில் விரிசல் விடும். அதை முதலில் பார்ப்பவர், தன் எல்லையை நடந்தே சோதித்து வரும் கீமேன். சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்துபவரும் அவர்தான். அவருக்கு வேலையில் மனம் விட்டுப்போனால் என் டிப்ளமோவால் என்ன பயன்? மேஸ்திரி என்னிடம் மறுபடி மனம்விட்டுப் பேச இரண்டு வருடம் ஆயிற்று. முதலில் நான்தான் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமா? பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 முதல் ரயில் பெட்டி செய்கிறது. அங்கே பொது மேலாளர் சுதான்ஷு மணியின் தலைமையில், சுமார் 18 மாதத்தில், தனி எஞ்சின் இல்லாமல் ஓடும் 'டிரெயின் 18' உருவானது. 2018 அக்டோபரில் வெளியே வந்து, சோதனையில் 180 கிலோமீட்டர் வேகம் காட்டியது. 2019 பிப்ரவரியில் வந்தே பாரத் என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. தொழிலாளர்களுக்கு அதற்காகச் சம்பளத்தை உயர்த்தவில்லை. உங்களால் முடியும் என்று ஒருவர் நம்பினார், அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததுதான் வருத்தம். அந்தக் குழுவினர் சிலர் மீது விஜிலன்ஸ் விசாரணை வந்தது. பிற்பாடு குற்றமில்லை என்று ஆனது. 2019 அக்டோபரில் ஓடத் தொடங்கிய இரண்டாவது வண்டிக்குப் பின், மூன்றாவது வர 2022 செப்டம்பர் ஆயிற்று. டெண்டர் சிக்கல்களும் தாமதத்துக்குக் காரணம், மறுக்கவில்லை. பொதுப்பணம் என்றால் விசாரணையும் இருக்கத்தான் வேண்டும். ஆனால் புது வேலையில் கை வைத்தவனுக்கு நோட்டீஸ், வைக்காதவனுக்குப் பிரமோஷன் என்று ஊழியர் மனதில் பட்டுவிட்டால், கம்பெனிகளில் இப்போது நடத்துகிற யோகா வகுப்பு என்ன செய்யும்?

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். "உன் மேலதிகாரி கடைசியாக எப்போது உன்னிடம் யோசனை கேட்டார்?" என்றும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "அவர் ஹைதராபாத்துல இருக்கார், அங்கிள். ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் நேர்ல பார்த்திருக்கேன்" என்றான்.