கத்ரி விட்டுக்கொடுக்காத ஆல்பம்

தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் கல்யாண மண்டபங்களில் நாகஸ்வரத்துக்குப் பதிலாகத் தவிலோடு சாக்ஸபோன் கேட்டால் இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் கருவியை நம் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர் கத்ரி கோபால்நாத். ‘டூயட்’ (1994) படத்தில் பிரபு வாசிப்பதாக நாம் பார்த்த இடங்களில் ஒலித்தது அவருடைய மூச்சு. ஆனால் ஜாஸ் கலைஞர்களோடு சேர்ந்து அவர் வாசித்த ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தை இங்கே எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

2008-ல் வெளிவந்தது. தலைமை ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா, இந்தியப் பெற்றோரின் மகன், அமெரிக்காவில் கொலராடோவில் வளர்ந்தவர். மாணவப் பருவத்தில் அண்ணன் விளையாட்டாகக் கொடுத்த கத்ரியின் ஆல்பம்தான் அவரை கர்நாடக இசைப் பக்கம் இழுத்தது. வயலினுக்கு ஏ. கன்யாகுமரி, மிருதங்கத்துக்குப் பூவலூர் ஸ்ரீஜி. ஜாஸ் பக்கம் கித்தார், பாஸ், டிரம்ஸ். மொத்தம் ஏழே பேர்.

கத்ரி, ருத்ரேஷ் இருவர் கையிலும் ஆல்டோ சாக்ஸபோன்தான். ருத்ரேஷின் சுரங்கள் தனித்தனியாக, கூர்மையாக, மின்னல் வேகத்தில் வந்து விழுகின்றன. கத்ரியோ ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிறார். சாவிகள் பொருத்திய கருவியில் வெறும் விரலால் இந்த வழுக்கல், அதாவது கமகம், வந்துவிடாது. உதடும் தாடையும் மூச்சும் சேர்ந்து நாதத்தை வளைக்க வேண்டும். கத்ரியின் அப்பா நாகஸ்வரக் கலைஞர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி, பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பாடம் கேட்டார். அந்த உழைப்பெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் தெரிகிறது.

ஃப்யூஷன் என்றாலே கடைசியில் மிருதங்கமும் டிரம்ஸும் மோதிக் கைதட்டல் வாங்குவது என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் ருசி இல்லை. ஜாஸில் கார்டுகள் (சுரக்கூட்டுகள்) மாறிக்கொண்டே போகும்; ராகத்துக்கு ஆதார சட்ஜம் அசையக் கூடாது. இந்த வேறுபாட்டை மறைக்க இந்த ஆல்பத்தில் கத்ரி ஜாஸ்காரராக வேடம் போடவில்லை, ருத்ரேஷும் கர்நாடக வித்வானாக நடிக்கவில்லை. அதனால்தான் இருவரும் சேரும் இடங்களில் உடம்பு சிலிர்க்கிறது.

ஜாஸ் பழக்கமில்லாதவர்கள் முதலில் டெனர் சாக்ஸபோன் மேதை ஸானி ரோலின்ஸின் ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ (1956) கேட்டுவிட்டு வரலாம். நால்வர் மட்டுமே வாசித்த, ஹார்டு பாப் என்ற ஜாஸ் பாணியிலான ஆல்பம். அதில் ‘புளூ செவன்’ என்ற துண்டில் ஒரு சின்ன இசைத் துணுக்கைப் பிடித்துக்கொண்டு அவர் வளர்த்துப் போகும் விதம், நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) கேட்டுப் பழகிய காதுக்கு அந்நியமாகவே இருக்காது.

கத்ரி 2019 அக்டோபரில் காலமானார். இப்போது மண்டபங்களில் சாக்ஸபோன் வாசிக்கும் இளைஞர்கள் ‘கின்ஸ்மென்’னை அவசியம் கேட்க வேண்டும். ‘கல்யாணி’ என்றே பெயர் வைத்த ஒரு துண்டு அதில் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கட்டும்.