எழுபது சதவீதமும் ஒரு கடைக்காரரும்

“அமெரிக்க மக்களில் 70 சதவீதம் பேர் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க ஆதரவு, விவகாரம் முடிந்துவிட்டது” என்கிறார் நண்பர். 2023இல் காலப் கருத்துக்கணிப்பு அந்த எண்ணைச் சொன்னது உண்மைதான். முடிந்தது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

2014இல் கொலராடோவில் கடைகள் திறந்தன. ஆனால் 1970ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் அதற்குப் பிறகும் பத்தாண்டுகளாகக் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே அட்டவணையில் வைத்திருந்தது. மாநில உரிமம் பெற்று, மாநில வரியும் கட்டுகிறவர் வாஷிங்டனின் கண்ணில் போதைப்பொருள் வியாபாரி.

இதன் விலை என்ன? வருமானவரிச் சட்டத்தின் 280இ பிரிவு, 1982இல் கடத்தல்காரர்களைக் குறிவைத்து வந்தது; அந்த அட்டவணையால் உரிமம் பெற்ற கடைக்காரரும் அதில் சிக்கினார். கொள்முதல் செலவைக் கழிக்கலாம். வாடகையை, சம்பளத்தைக் கழிக்க முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கொள்முதல் போக ஒரு நிறுவனத்துக்கு 4 லட்சம் டாலர் மிஞ்சுகிறது. அதில் வாடகையும் சம்பளமும் மூன்றரை லட்சம். கையில் நிற்பது 50,000. வரியோ 4 லட்சத்துக்கு 21 சதவீதம், அதாவது 84,000! லாபத்தைவிட வரி அதிகம். நொடித்துப்போனால் திவால் நீதிமன்றமும் கதவடைக்கிறது.

பெரிய வங்கிகள் ஒதுங்கியதால் வியாபாரம் ரொக்கத்தில் நடந்தது. 2016இல் கொலராடோவின் அரோரா நகரில் கஞ்சாக் கடைக் காவலர் ஒருவர் கொள்ளை முயற்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கஞ்சா நல்லதா கெட்டதா என்பது வேறு வாதம். அனுமதித்துவிட்டு ஆளைத் தண்டிப்பது அநியாயம். அதைக் கருத்துக்கணிப்பு தீர்க்காது; அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் தீர்க்க வேண்டும்.