பந்தியும் பந்தும்



கால்பந்தாட்டக் கழகம் ஒன்றைப் பற்றி இப்பகுதியில் நாம் எழுதுவது உங்களுட் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரிலுள்ள செல்டிக் கழகம் பிறந்த இடம் ஆடுகளமல்ல, ஒரு பங்குக் கோவிலின் மண்டபம். அது பிறந்த நோக்கமும் விளையாட்டல்ல, பசித்த பிள்ளைகளின் உணவு. அக்கழகத்தின் முதற் பத்தாண்டுகளில், அறப்பணியில் ஈடுபடுவோர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

1845-ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்தது. அதனால் எழுந்த பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதினும் மிகுதியானோர் பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேறினர். அவர்களுட் பலர் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் நெருக்கமான குடியிருப்புகளில் குடியேறினர். கடின உழைப்பு, குறைந்த கூலி, ஓயாத நோய் - இவையே அவர்தம் அன்றாட வாழ்வாயின. மண்ணின் மக்களோ அந்நியரென்றும் கத்தோலிக்கரென்றும் அவர்களை ஒதுக்கினர்.

அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் 1840-இல் பிறந்தவர் ஆண்ட்ரூ கெரின்ஸ். மரிஸ்ட் சகோதரர் சபையில் சேர்ந்து, வால்ஃப்ரிட் என்னும் துறவறப் பெயர் பூண்டு, கிளாஸ்கோவில் திரு இருதயப் பள்ளியின் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்? ஆகவே அவரும் உடன் சகோதரர்களும், வின்சென்ட் தெ பவுல் சபையாரின் துணையோடு ஏழைப் பிள்ளைகளுக்கான உணவுப் பந்திகளைத் தொடங்கினர். ஒரு பென்னி கொடுத்தால் சுடச்சுட உணவு. வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவரும் பிள்ளைக்கு அரைப் பென்னிக்குச் சூப்பு. ஒன்றுமே கொடுக்க இயலாத பிள்ளைக்கு இலவசம். இந்த ஒழுங்கின் நயத்தைக் கவனியுங்கள். இயன்றதைத் தந்து உண்ணும் பெற்றோரின் தன்மானமும் காக்கப்பட்டது; இல்லாதவன் பசியும் ஆற்றப்பட்டது.

ஆயினும் பந்தி நாள்தோறும் நடக்கப் பணம் வேண்டுமே! எடின்பரோ நகரில் எட்வர்ட் ஹானன் என்னும் குருவானவர் ஐரிஷ் இளைஞர்களுக்காக 1875-இல் உருவாக்கிய ஹைபர்னியன் கழகம், 1887 பிப்ரவரியில் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. வெற்றி பெற்றோருக்குக் கிளாஸ்கோவின் புனித மரியன்னை கோவில் மண்டபத்தில் விருந்தளிக்கப்பட்டது. அந்த உற்சாகம் வீண்போகவில்லை. அதே மண்டபத்தில் 1887 நவம்பர் 6-ஆம் நாள் புதிய கழகம் நிறுவப்பட்டது. ஐரிஷ் மக்களையும் ஸ்காட்லாந்து மக்களையும் ஒருங்கே குறிக்கும் 'செல்டிக்' என்ற பெயரை வால்ஃப்ரிட் தேர்ந்தார்.

குத்தகைக்கு எடுத்த காலி நிலத்தைப் பங்கு மக்களே கூலியின்றி உழைத்து, ஆறே மாதத்தில் ஆடுகளமாக்கினர். 1888 மே 28-இல் நடந்த முதல் ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் கழகத்தின் அணியை 5-2 என்ற கணக்கில் வென்றனர். முதற் பருவத்திலேயே ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டம் வரை சென்று தேர்ட் லனார்க் அணியிடம் தோற்றனர். 1892-இல் குயின்ஸ் பார்க் அணியை 5-1 என வென்று அக்கோப்பையைக் கைக்கொண்டனர். 1892-93 பருவத்தில் லீக் பட்டத்தையும் முதன்முறையாகப் பெற்றனர்.

இவ்வெற்றிகளுக்கு மறுபக்கமும் உண்டு. 1888-இல் ஹைபர்னியன் அணியின் சிறந்த ஆட்டக்காரர் பலர் செல்டிக்கிற்கு இழுக்கப்பட்டனர். வழிகாட்டிய கழகமோ நலிந்து, 1891-இல் ஆட்டத்தையே நிறுத்தியது. பின்னரே மீண்டும் எழுந்தது. செல்டிக் ஆடிய நிலத்தின் உரிமையாளர், கழகத்தின் செழிப்பைக் கண்டு, ஆண்டு வாடகையை 50 பவுனிலிருந்து 450 பவுனாக உயர்த்தினார். 1892-இல் அருகே வேறிடத்தில் புதிய ஆடுகளம் அமைக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் வால்ஃப்ரிட் சபை மேலிடத்தின் கட்டளைப்படி இலண்டன் சென்றார். ஆட்டக்காரருக்கு ஊதியம் தருவதை 1893-இல் ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கம் வெளிப்படையாக அனுமதித்தது. 1897-இல் கழகம் பங்குதாரர்களைக் கொண்ட கம்பெனியாயிற்று. பிள்ளைகளின் பந்திக்குச் சென்ற நிதியோ இதற்குள் சுருங்கி, நின்றே போயிற்று.

யாரைக் குறை சொல்வது? ஆட்டக்காரரும் ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளே. உழைப்புக்குக் கூலி பெறுவது பாவமன்று. வாடகைக் கொடுமைக்குத் தப்ப மூலதனம் தேவைப்பட்டதும் உண்மையே. எவரும் ஒருநாள் அமர்ந்து, 'இனிப் பிள்ளைகளுக்கு உணவு வேண்டாம்' என்று முடிவு செய்ததாகத் தெரியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் வேறொரு செலவு முன்வந்து நின்றது. பிள்ளைகள் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டனர். பந்திக்காகப் பந்து என்பது மறைந்து, பந்துக்காகவே பந்து என்றாயிற்று.

இலண்டனிலும் வால்ஃப்ரிட் ஏழைச் சிறுவருக்காக ஆட்டங்கள் நடத்தினார். 1915-இல் டம்ஃப்ரீஸ் நகரில் காலமானார். 2005-இல் கழகத்தின் ஆடுகள வாயிலில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1995-இல், கழகம் அறநிதி ஒன்றை நிறுவித் தன் தொடக்க நோக்கத்தை மீண்டும் நினைவுகூர்ந்தது. நூறாண்டு சென்றாயினும் வேர் பட்டுப்போகவில்லை என்பது நமக்கு ஆறுதலே.

நம் பங்குகளிலும் சங்கங்கள் பல உண்டு. உண்டியலும் கணக்கும் ஆண்டுவிழாவும் உண்டு. அடுத்த கூட்டத்தில் வரவு செலவை வாசிக்கும்போது, இச்சங்கம் யாருக்காகத் தொடங்கப்பட்டது, அவர்களுக்கு இவ்வாண்டு என்ன சென்றது என்னும் இரு கேள்விகளையும் சேர்த்தே கேட்போம். விடை சொல்லத் தயக்கம் ஏற்படுமானால், திருத்திக்கொள்ள நூறாண்டு காத்திருக்க வேண்டியதில்லை.