கறுத்த எண்ணெய் எங்கே போகிறது?

செங்கழுநீர்ப்பட்டிலிருந்து மாமல்லைக் கடற்கரைக்கு விரையும் உந்துகள் எவர் நெய்யைக் குடிக்கின்றன? கன்னெய்த் தேவையில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் இந்தியா அயல்நாடுகளிடமே வாங்குகின்றது. ஆனால், 1900-இல் பாரிசுக் கண்காட்சியில் தீசல் பொறியொன்று, நம் மண்ணிலும் விளையும் நிலக்கடலையின் எண்ணெயாலன்றோ ஓடியது!

அதற்காக, உண்ணும் எண்ணெயை உந்தில் ஊற்றுக என்று நாம் கூறவில்லை. அதிலும் பாதிக்கு மேல் இறக்குமதியே. காட்டாமணக்கை நம்பி நிலம் ஒதுக்கிய உழவர் பலர் விளைச்சலின்றி நொந்ததையும் நாம் மறக்கவில்லை.

நாம் கேட்பது, வாணலியில் கறுத்த எண்ணெயை! பலமுறை காய்ந்த எண்ணெயில் கெடுகூறுகள் 25 விழுக்காட்டைக் கடந்தால் அதிற் சமைக்கலாகாது என 2018 சூலை முதல் சட்டமுண்டு. உணவகங்கள் மலிந்த மாமல்லையில் அவ்வெண்ணெய் மலிவு விலைக்குக் கைமாறி, ஏழையின் இலையில் மீண்டும் விழ விடலாமா?

அதனை அப்படியே ஊற்றினால் அதன் தடிப்பு பொறியைக் கெடுக்கும். வடிகட்டி, நீர் நீக்கி, ஆலையில் மெத்தனாலும் கடுங்காரமும் கூட்டி இளஞ்சூட்டில் கலக்கினால், கிளிசரின் அடியிற் படியும். மேலே நிற்பதைத் தூய்மை செய்தால் உயிரித் தீசல் கிடைக்கும். பொறியை மாற்றாமலே அதனைத் தீசலோடு அளவாய்க் கலந்து ஓட்டலாம்.

ஆகவே, கழிவெண்ணெயை விலைகொடுத்துத் திரட்டும் நிலையம் கடற்கரையூர்தோறும் வேண்டும். உள்ளாட்சியினர் முன்வருக! உணவகத்தாரே, கறுத்த எண்ணெயைப் பொறிக்குக் கொடுங்கள். தமிழன் வயிற்றுக்குக் கொடாதீர்!