பழைய பாத்திரம் வாங்குங்க... அதுல பால் காய்ச்சாதீங்க

காரைக்குடி போறவங்க இப்போ தவறாம போற இடம் ரெண்டு. ஒண்ணு ஏதாவது ஒரு மெஸ். இன்னொண்ணு முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகள்.

சமீபத்துல ரெண்டு பேர் இன்பாக்ஸ்ல கிட்டத்தட்ட ஒரே கேள்வி கேட்டிருந்தாங்க.

"டாக்டர், அங்க பழைய ஈயச் சொம்பு, பித்தளைக் குண்டான் எல்லாம் வாங்கிட்டு வந்தோம். எவர்சில்வரைப் பரண்ல ஏத்தியாச்சு. இனிமே பாரம்பரிய முறைதான். பாப்பாவுக்குப் பாலும் இதுலயே காய்ச்சலாம்ல?"

கமெண்ட்ல ஒரு வரியில சொல்ற பதில் இல்ல இது. அதான் இந்த நீண்ட பதிவு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் அந்தத் தெருவுக்கு எதிரி இல்ல. அரை நாள் அங்க சுத்தினா அரை நாள் போனதே தெரியாது.

வரிசையா கடைகள், ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தருது. உள்ள கால் வைக்க இடம் இருக்காது. அண்டா மேல குண்டான், குண்டான் மேல கூஜா, அதுக்குள்ள முறுக்கு அச்சு. சுவத்துல ரவி வர்மா அச்சுப் படங்கள், பாதி சில்லு போன எனாமல் தூக்கு, பல்லாங்குழி, அஞ்சறைப்பெட்டி, ஊறுகாய் ஜாடி, வால்வு ரேடியோ. மூலையில ஒரு வீட்டோட நிலைக்கதவே சாத்தி வச்சிருக்கும். ஒரு கடையில கண்ணாடி சிரிஞ்சும் அதைக் கொதிக்க வைக்கிற டப்பாவும் பார்த்தேன். இப்ப இருக்கிற ஹவுஸ் சர்ஜன் பசங்களுக்கு அது என்னன்னே தெரியாது.

இதெல்லாம் எங்க இருந்து வருது? பர்மா, மலேயா, இலங்கைன்னு வட்டித் தொழிலும் வியாபாரமும் பண்ணின நகரத்தார் கட்டின வீடுகள்ல இருந்து. பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஸ்வீடன் எனாமல்னு கப்பல்ல வந்து இறங்கினது. ரெண்டாம் உலகப் போர், பர்மா சொத்துக்கள் கைவிட்டுப் போனது, ஒரே வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள், ஓடு மாத்தவே லட்சக்கணக்கில் செலவு... வீடுகள் ஒவ்வொண்ணா பிரிக்கப்பட்டுச்சு. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ தற்காலிகப் பட்டியலில் 2014ல் இந்தியா சேர்த்தது. அதுக்குள்ள போனது போயிடுச்சு.

அங்க பித்தளைப் பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்க. விளிம்புல பேர் வெட்டியிருக்கும். யாரோ ஒரு ஆச்சிக்குச் சீர் குடுத்த பாத்திரம் அது. வீட்டைக் காலி பண்ணும்போது எடைக்குப் போயிருக்கும், நமக்கு பீஸ் கணக்குல வருது. இதுக்காகக் கடைக்காரங்களைத் திட்டறவங்க இருக்காங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அவங்க வாங்கலேன்னா அந்தப் பாத்திரம் உருக்குற பட்டறைக்குத்தான் போயிருக்கும்.

எங்க பக்கத்துக் கதையைப் பாருங்க. நான் இருக்கிறது ஏனாத்தூர். காஞ்சிபுரம் டவுனுக்குள்ள போனா "பழைய பட்டுப் புடவை வாங்கப்படும்"னு போர்டு பார்க்கலாம். புடவைக்காக வாங்கறது இல்ல, ஜரிகையில இருக்கிற வெள்ளிக்காக. எரிச்சு வெள்ளியைப் பிரிச்சு எடுத்துடுவாங்க. பாட்டியோட முகூர்த்தப் புடவை சாம்பலாப் போயிடும். அதோட ஒப்பிட்டா காரைக்குடி கடைக்காரர் எவ்வளவோ தேவலை. அதனால தாராளமா வாங்குங்க. பேரம் பேசுங்க. பில் கேளுங்க.

ஆனா அது அலமாரிக்குப் போகுதா, அடுப்புக்குப் போகுதா? அங்கதான் நான் குறுக்க வர்றேன்.

"பாட்டி காலத்துல எல்லாரும் இதுலதான் சமைச்சாங்க, நல்லாத்தானே இருந்தாங்க"ன்னு ஃபார்வர்டு வரும். நாடு சுதந்திரம் வாங்கின சமயத்துல இந்தியரோட சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். குழந்தைச் சாவுதான் அந்தக் கணக்கை அவ்வளவு கீழே இழுத்தது. நல்லா இருந்த பாட்டியை நமக்குத் தெரியும், ஏன்னா அவங்க பொழைச்சாங்க. போன குழந்தைகளைப் பத்தி யாரும் ஃபார்வர்டு போடறது இல்ல.

அப்படிப் போன குழந்தைகள்ல ஒரு கூட்டத்துக்குக் காரணமா சந்தேகிக்கப்பட்டதே பாத்திரம்தான். இது பல பேருக்குத் தெரியாது.

"இந்தியக் குழந்தைப் பருவ ஈரல் சுருக்க நோய்"னு ஒண்ணு இருந்துச்சு. இந்தியன் சைல்டுஹுட் சிரோசிஸ். பெரும்பாலும் ஒண்ணுல இருந்து மூணு வயசுக் குழந்தைகள். வயிறு வீங்கும், ஈரல் கல்லு மாதிரி ஆகும், மஞ்சள் காமாலை வரும், மாசக் கணக்குல குழந்தை போயிடும். நம்ம நாட்டுக் குழந்தைகள் வார்டுல ஒரு காலத்துல சர்வ சாதாரணம். ஒரே வீட்ல அடுத்தடுத்த குழந்தைகளுக்கும் வரும். சாபம்னு நினைச்ச குடும்பங்கள் உண்டு.

இறந்த குழந்தைகளோட ஈரலைப் பரிசோதிச்சா அளவுக்கு மீறி தாமிரம் இருந்தது. தாமிரம் எப்படி உள்ள போச்சு? 1980கள்ல புனேயில பண்டிட், பாவே, இங்கிலாந்து டாக்டர் டேனர் குழுவினர் குழந்தைகளுக்கு எதுல பால் காய்ச்சினீங்க, எதுல வச்சிருந்தீங்கன்னு வீட்டு வழக்கத்தை விசாரிச்சாங்க. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்கள். நோய் வந்த குழந்தைகள் வீட்ல இந்தப் பழக்கம் ரொம்ப அதிகம். பால்ல இருக்கிற கேசீன் புரதம் தாமிரத்தை நல்லாப் பிடிச்சு வச்சுக்கும். வளராத ஈரலால அதை வெளியேத்த முடியாது.

பாத்திரத்தை மாத்தச் சொன்னாங்க. அதே காலத்துல எவர்சில்வரும் வீடு வீடா வந்துச்சு. நோய் கிட்டத்தட்ட காணாமலே போயிடுச்சு. இப்போ எம்பிபிஎஸ் படிக்கிறவங்க புத்தகத்துல படிக்கிறதோட சரி. மரபணுக் காரணமும் சேர்ந்திருக்கலாம்னு சொல்ற ஆய்வாளர்கள் இருக்காங்க, நியாயம்தான். ஆனா நம்ம கையில மாத்த முடியறது பாத்திரம்தான்.

நீங்க பரண்ல ஏத்தின எவர்சில்வரை முதல்ல கீழ இறக்குங்க.

"அப்போ நம்ம முன்னோர் முட்டாளா?" இல்லவே இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்சுதான் ஈயம் பூசினாங்க. தெருவுல கூவிக்கிட்டு ஒருத்தர் வருவார். துருத்தி வச்சு கரி அடுப்பு ஊதி, பாத்திரத்தைச் சுட வச்சு, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் தேச்சுப் பஞ்சால துடைப்பார். உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். அது தேய்ஞ்சா மறுபடி பூசணும். புளி, தயிர், எலுமிச்சை பூசாத பாத்திரத்துல வைக்கக் கூடாதுன்னு அவங்களுக்கே தெரியும். களிம்பு ஏறும்னு சொல்வாங்க. நாம பாத்திரத்தை மட்டும் வாங்கிட்டு வந்துட்டோம், பூசறவரை விட்டுட்டோம்.

இன்னைக்கும் சில ஊர்கள்ல பூசறவங்க இருக்காங்க. பூசினா சமைக்கலாம். ஆனா வெள்ளீயம்தானா?

ஏன் கேக்கறேன்னா, தமிழ்ல ரெண்டுக்குமே ஈயம்னுதான் பேர். வெள்ளீயம்னா டின், அது ஆபத்தில்ல. காரீயம்னா லெட், அது நஞ்சு. காரீயம் விலை குறைவு, அதனால கலப்படம். நம்ம ரசத்துக்குப் பேர் போன ஈயச் சொம்பு சுத்த வெள்ளீயத்துல செஞ்சது. வெறும் சொம்பை அடுப்புல வச்சா 232 டிகிரியிலேயே உருகி ஓடிடும், அதனாலதான் ரசத்தை ஊத்திட்டு வைப்பாங்க. ஆனா கடையில கைமாறி வர்ற பழைய சொம்புல என்ன விகிதத்துல என்ன இருக்குன்னு விக்கிறவருக்கும் தெரியாது, வாங்கற உங்களுக்கும் தெரியாது. தட்டிப் பார்த்து, தேச்சுப் பார்த்துச் சொல்றதை எல்லாம் நம்ப முடியாது. ஆய்வகத்துல உலோகப் பரிசோதனை பண்ணணும். அதுல புளி ரசம் கொதிச்சா காரீயம் கரைஞ்சு இலைக்கு வரும்.

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு எதுவும் இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பெரியவங்களை விடக் குழந்தைகள் உடம்பு 4, 5 மடங்கு அதிகமா உறிஞ்சும். இரும்புச்சத்து குறைஞ்ச குழந்தைன்னா இன்னும் அதிகம். நம்ம நாட்டுல 5 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகள்ல 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) சொல்லுது. யோசிச்சுப் பாருங்க.

2020ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, உலகத்துல மூணுல ஒரு குழந்தைக்கு ரத்தத்துல காரீயம் 5 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ இருக்குன்னு சொல்லுச்சு. அறிகுறி? பெரும்பாலும் இருக்காது. கொஞ்சம் வயித்து வலி, மலச்சிக்கல், சோகை. படிப்புல மந்தம். அதைப் பார்த்து "பையனுக்குக் கவனம் பத்தல"ன்னு திட்டிட்டு இருப்போம்.

கதவு, தொட்டில், மரப் பொம்மை வாங்கறவங்களுக்கும் இதே எச்சரிக்கை. வீட்டு பெயின்டுல காரீயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாதுன்னு இந்தியாவுல விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி அடிச்ச பெயின்டுல எவ்வளவு இருக்குமோ. பழைய கதவை வீட்டுக்குள்ள வச்சு உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. அந்தத் தூசி காரீயத் தூசி. கர்ப்பிணிப் பெண்ணும் தவழற குழந்தையும் இருக்கிற வீடுன்னா கண்டிப்பா கூடாது. பெயின்ட் உரியற தொட்டில்ல குழந்தையைப் போடவே வேண்டாம், அது எவ்வளவு கடைசல் வேலையா இருந்தாலும் சரி.

சில்லு போன எனாமல் தூக்குல செடி வைங்க. சிவப்பு, மஞ்சள் எனாமல்ல காட்மியம் இருக்க வாய்ப்பு உண்டு. சாப்பாடு வேண்டாம்.

ஏற்கெனவே பல மாசமா ஈயச் சொம்பு ரசம் குடிச்சிட்டு இருக்கிற வீடுன்னா, பயப்படாம முதல்ல நிறுத்துங்க. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ரத்தத்துல காரீய அளவு பார்க்கலாம். இது வழக்கமா எடுக்கிற டெஸ்ட்ல வராது, தனியா கேட்டு எடுக்கணும். டாக்டர் கிட்ட பாத்திர விவரத்தைச் சொல்லுங்க. நாங்களா கேக்க மாட்டோம், ஓபி கூட்டத்துல எங்களுக்கும் தோணாது.

மருத்துவம் இல்லாத ஒரு விஷயமும் இருக்கு. வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வர்ற சொந்தங்கள் கவனிங்க. 1972ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட பொருளைத் தனிநபர் நாட்டை விட்டு எடுத்துட்டுப் போக முடியாது. ஏர்போர்ட்ல நின்னு "சும்மா குண்டான் சார்"னு வாதாட வேண்டி வரும். சந்தேகம் இருந்தா தொல்லியல் துறையில "தொல்பொருள் அல்ல"ன்னு சான்று வாங்கிட்டுக் கிளம்புங்க.

சாமி சிலை மட்டும், பழசுன்னு சொல்லி விலை பேசினா, எவ்வளவு அழகா இருந்தாலும் வாங்காதீங்க. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ல் 50 லட்சம் டாலருக்கு வாங்கி, 2014ல் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே காகிதத்தை நம்பி ஏமாந்திருக்கு. அடுத்த முறை ஊர் சுத்தப் போகும்போது உங்க கையில யாராவது சின்ன வெண்கல அம்மனைக் குடுத்தா, எந்த ஊர்க் கோயில் கருவறை காலியா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

படி, ஆழாக்கு வாங்குங்க. முத்திரை குத்தினது கிடைச்சா விடாதீங்க, மெட்ரிக் அளவு வர்றதுக்கு முன்னாடி நம்ம கடைத்தெரு எப்படி இருந்துச்சுன்னு பிள்ளைகளுக்குக் காட்டலாம். பல்லாங்குழி வாங்கி விளையாடுங்க. கூஜாவைத் தேச்சு ஹால்ல வைங்க. பால் மட்டும் எவர்சில்வர்ல.