சேர்க்கையின் முதல் மூன்று வாரங்கள்

தேவாரத்திலும் போடியைச் சுற்றிய ஊர்களிலும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடியுமுன்பே ஜீப் ஏறிவிடுகிறார்கள். மேற்கே கண்ணெதிரே மலை நின்றாலும், தேவாரத்திலிருந்து நேராக மேலேற வண்டிச் சாலை இல்லை. சாக்குலூத்து மெட்டுச் சாலை நெடுநாள் கோரிக்கையாகவே இருக்கிறது. போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றித்தான் உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போக வேண்டும். அந்தச் சுற்று, அம்மா வீட்டில் இருக்கும் நேரத்தைத்தான் தின்கிறது. மூன்று வயதுப் பிள்ளை கண் விழிக்கும்போது அம்மா இல்லை. அப்பத்தாவோ அம்மாச்சியோதான் பிள்ளையைப் பால்வாடிக்குக் கூட்டி வருகிறார்.

பள்ளிக்குப் பிள்ளையைப் பழக்குவது எப்படி என்று சொல்லும் அறிவுரைகள், அம்மா வாசலில் நின்று கையசைத்து விடைபெறுவார் என்று வைத்துக்கொண்டே தொடங்குகின்றன. இங்கே பல வீடுகளில் அந்த விடைபெறுதல் நடப்பதே இல்லை. முதல் பிரிவு பிள்ளையின் தூக்கத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. இரண்டாவது பிரிவு பால்வாடி மையத்தின் வாசலில், பாட்டியிடமிருந்து. ஒரே காலையில் இரண்டையும் தாங்க வேண்டிய பிள்ளைக்கு, “ரெண்டு நாள் அழும், அப்புறம் சரியாயிரும்” என்ற ஆறுதல் போதாது. சேர்க்கையின் முதல் மூன்று வாரங்களை முன்பருவக் கல்வியின் பகுதியாகவே கருதித் திட்டமிட வேண்டும். அந்தத் திட்டம் ஏலத்தோட்டத்தின் நேரத்துக்கும் பருவத்துக்கும் பொருந்த வேண்டும்.

இந்தப் பொறுப்பு ஊர் மையத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. பின்னர் ஏலத்தோட்டமும் அதன் வரையறைக்குள் வந்தது. ஆனால் தோட்டத்து லயத்திலேயே குடியிருக்கும் குடும்பத்துக்குத்தான் அந்த ஏற்பாடு உதவும். தினமும் மலையேறி இறங்கும் தாயால், நெருக்கியடித்து ஏறும் ஜீப்பில் கைப்பிள்ளையைக் கொண்டுபோக முடியாது. காப்பகம் இருந்தாலும் அது மேலே இருக்கிறது. பிள்ளை கீழே இருக்கிறது. 1969இல் தில்லியில் மீரா மகாதேவன் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கே காப்பகத்தைக் கொண்டுபோனார். மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் அளித்த அறிக்கை, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய, நம் மையங்கள் இயங்கும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு வழிகாட்டியது. உழைக்கும் பெண்ணின் நேரத்தையும் குழந்தைப் பராமரிப்பையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று மீனா பின்னாளிலும் தொடர்ந்து எழுதினார். நமக்கு அந்தப் பாடம் இன்றும் வேண்டும்.

முதலில் நாள்காட்டியைப் பார்ப்போம். நாம் சேர்க்கைக்குத் திறக்கும் வாசல்கள் இரண்டு: ஜூன் மாதம், விஜயதசமி. ஜூனில் மழையோடு தோட்ட வேலை சூடுபிடிக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் தொடங்கும் காய் எடுப்பு, சுற்றுச் சுற்றாகத் தை, மாசி வரை நீள்கிறது. விஜயதசமி வருவது அறுவடை உச்சத்தில் இருக்கும்போது. ஆயுதபூஜை விடுமுறையில் அம்மா வீட்டில் இருக்கிறார். அரிசியில் எழுதிப் பிள்ளையைச் சேர்க்கிறார். விடுமுறை முடிந்ததும் மலையேறிவிடுகிறார். குடும்பத்தில் கை ஓய்வே இல்லாத நாட்களில்தான் பிள்ளையிடம் மிகப் பெரிய மாற்றத்தைக் கேட்கிறோம்.

ஆகவே காய் வரத்து குறையும் பங்குனி, சித்திரையிலேயே வருகைகள் தொடங்கட்டும். பெயர்ப் பதிவு ஜூனில் நடந்தால் போதும். வீரபாண்டித் திருவிழாவை ஒட்டித் தாய்மார் ஊரில் இருக்கும் நாட்களில், அம்மாவும் பிள்ளையும் மையத்துக்கு வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகலாம். எந்த மூலையில் அம்மா உட்கார்ந்திருந்தார் என்பது பிள்ளைக்கு நினைவிருக்கும். விஜயதசமியில் சேரும் பிள்ளைக்கும் புரட்டாசித் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட வருகைகள் வேண்டும்.

இனி முறை. 1980களில் பெர்லினில் உருவான பழக்கும் முறை ஒன்று ஜெர்மனியின் மழலையர் கூடங்களில் பரவலாகப் பயன்படுகிறது. முதல் மூன்று நாள் வீட்டார் ஒருவர் பிள்ளையோடு அறையிலேயே இருப்பார். பிரிக்கும் முயற்சியே கிடையாது. நான்காம் நாள் அரை மணிக்கு மிகாமல் ஒரு சிறு பிரிவு. அதைப் பிள்ளை எப்படி ஏற்கிறது என்பதைப் பார்த்து, ஒரு வாரத்தில் பழக்கலாமா, மூன்று வாரம் வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். கூட வருபவர் தாயாகவே இருக்க வேண்டியதில்லை. பிள்ளை நம்பும் ஒருவர் தொடர்ந்து வர வேண்டும். நம் ஊரில் அந்த இடத்துக்கு அப்பத்தா இருக்கிறார். அவரை வாசலோடு அனுப்பிவிடாமல், உள்ளே ஒரு பாய் விரித்து உட்காரச் சொல்வதிலிருந்து தொடங்கலாம்.

பிள்ளை பழகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அழுகை நின்றதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. சத்தமில்லாமல் பையைக் கட்டிப்பிடித்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பிள்ளையும், முட்டையைத் தொடாத பிள்ளையும், வீட்டில் விட்டுவிட்ட பழக்கம் திரும்பித் துணியை நனைக்கும் பிள்ளையும் இன்னும் பழகவில்லை. அழும்போது ஆறுதலுக்கு டீச்சரிடமோ ஆயாவிடமோ வந்து ஒண்டுகிறதென்றால், அந்தப் பிள்ளை பழகத் தொடங்கிவிட்டது.

பிள்ளையிடம் பொய் சொல்லக் கூடாது. “அம்மா கடைக்குப் போயிருக்கு, இப்ப வந்துரும்” என்ற பேச்சு அடுத்த நாள் நம்மை நம்பவிடாமல் செய்துவிடும். “அழுதா போலீஸ்காரர் பிடிச்சிட்டுப் போயிருவாரு” என்பதை அறவே விட வேண்டும். “அம்மா மலைக்குக் காய் எடுக்கப் போயிருக்காங்க. நீ சாப்பிடுவ, தூங்குவ, அப்பத்தா வருவாங்க, பொழுது சாய ஜீப்புல அம்மா வந்துருவாங்க” என்று தினமும் ஒரே வரிசையில் சொல்லுங்கள். மூன்று வயதில் மணி தெரியாது. எதற்குப் பின் எது என்பது தெரியும். வீட்டிலும் முந்தின இரவே, “நீ எந்திரிக்கிறப்ப நான் இருக்க மாட்டேன், சாயங்காலம் வருவேன்” என்று அம்மா சொல்லிவிட்டுப் படுக்கட்டும்.

வீட்டுமொழியையும் கேட்டறிய வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் கன்னடம் பேசும் வீடுகளும் தெலுங்கு பேசும் வீடுகளும் நிறைய. மலைச்சரிவில் பளியர், முதுவர் குடிகளும் உண்டு. தண்ணீர், பசி, ஒன்றுக்கு, வலி, அம்மா ஆகிய ஐந்துக்கும் அந்த வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று முதல் நாளே குறித்துக்கொண்டால், பாதி அழுகையின் காரணம் விளங்கிவிடும்.

இவ்வளவையும் ஒரு பணியாளரும் ஒரு உதவியாளரும், எடை பார்த்து, பதிவேடு எழுதி, போஷன் டிராக்கரில் பதிவேற்றிக்கொண்டே செய்ய வேண்டியிருப்பதை அறிவோம். அதனால்தான் புதிய பிள்ளைகள் அனைவரையும் ஒரே நாளில் சேர்க்காமல், வாரத்துக்கு இரண்டு மூன்று பேராகச் சேர்க்கச் சொல்கிறோம். “ஆடிப் பாடி விளையாடு பாப்பா” பாடத்திட்டத்தை நடத்தும்போது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் மூன்று வாரம் பழகுவதே பாடம் என்று துறை எழுத்தில் ஏற்க வேண்டும். அந்த வாரங்களில் அரை நாள் வருகையை முழு வருகையாகப் பதிய அனுமதிக்க வேண்டும். 2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் தொடங்கிய எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்கும் இது பொருந்தும். வளாகம் பழகியதாக இருந்தாலும் டீச்சர் புதியவர்.

தோட்ட உரிமையாளர்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் ஒரு கோரிக்கை: பிள்ளை சேரும் நாளுக்குத் தாய்க்குக் கூலியோடு ஒரு நாள் விடுப்பு. சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கூலிப் பேச்சிலேயே இதைச் சேர்க்கலாம். மையங்களில் இருக்கும் நாம் அதற்கும் காத்திருக்க வேண்டாம். வரும் பங்குனிக்குள் ஊரில் மூன்று வயதை எட்டும் பிள்ளைகளின் பட்டியலையும், ஒவ்வொருவரையும் யார் கூட்டி வருவார், எந்த வாரத்தில் சேர்ப்பது என்ற குறிப்பையும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். அதற்குத் துறையின் ஆணை எதுவும் தேவையில்லை.